அவர்களுடைய பந்தியில் உட்காருங்கள்



விடுமுறைக் காலம் நெருங்குகையில் நம் சபைக் குடும்பங்களில் சில வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாவதும், தங்கள் போக்கும் வரத்தும் காக்கப்பட ஜெபிக்கும்படி கேட்பதும் வழக்கம். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் ஹாங்காங் அடிக்கடி இடம்பெறுகிறது. பிள்ளைகள் அங்கே பணிபுரிவதால் பெற்றோர் சிலர் போகின்றனர். சிறுவர் கேட்பதால் வேறு சிலர் போகின்றனர். பயண நிறுவனங்கள் தரும் நிகழ்ச்சி நிரல்களை வாங்கி வாசித்தால் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. விக்டோரியா சிகரத்துக்கு இழுவை ரயில், துறைமுகக் கரையில் இரவு விளக்குக் காட்சி, டிஸ்னிலாந்து, கடைவீதி. ஒவ்வொரு நாளின் முடிவிலும் இந்திய உணவகத்தில் இரவு உணவு என்ற உறுதிமொழி. அதையும் நம்பாமல் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் பெட்டிக்குள் உடன் செல்கின்றன.

இவற்றில் எதுவும் பாவமன்று. ஆனாலும் போதகனாக என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறேன். ஓர் ஊருக்குப் போய், அவ்வூராரின் உணவை ஒருவேளையேனும் உண்ணாமலும், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதைக் கொண்டாடுகிறார்கள் என்று கேளாமலும், அவர்கள் நடக்கிற பாதையில் சற்றேனும் நடவாமலும் திரும்புகிறவர் கட்டடங்களைப் பார்த்தவரேயன்றி மனிதரைப் பார்த்தவரல்லர். அயலானை நேசிப்பதைக் குறித்து ஞாயிறுதோறும் கேட்கிற நமக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாகாது.

கஞ்சியும் தேநீரும்

உணவிலிருந்தே தொடங்குவோம். ஏனெனில் நம்மவரின் அச்சமும் ஏளனமும் அங்கேதான் முதலில் வெளிப்படுகின்றன. "அவர்கள் எதையும் தின்பார்கள்" என்று ஒரு சொல்லில் ஒரு மக்களினத்தையே தள்ளிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது.

ஹாங்காங் மக்களில் மிகப் பெரும்பாலோர் பேசுவது கண்டோனிய மொழி. அங்கே காலையில் எளிய கடைகளில் அரிசியைக் குழையக் குழையக் காய்ச்சி, ஆவி பறக்கக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். மீன்துண்டோ வேர்க்கடலையோ சேர்ந்திருக்கும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவியிருக்கும். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீண்ட மாவுக் குச்சி வரும். கண்டோனிய மொழியில் இதற்கு ஜுக் என்று பெயர். ஆனால் கடையின் ஆங்கிலப் பலகையில் எழுதியிருப்பதோ 'கான்ஜி'. அந்த ஆங்கிலச் சொல் நம்முடைய 'கஞ்சி'யேதான். நம் கரைகளுக்கு வந்த ஐரோப்பிய வணிகர் இச்சொல்லைக் கற்றுக்கொண்டு போனார்கள். நாளடைவில் கீழ்த்திசை நாடுகளின் அரிசிக் கஞ்சிக்கெல்லாம் அதுவே ஆங்கிலத்தில் பொதுப்பெயராயிற்று. நோயுற்றவருக்கும் முதியோருக்கும் பல் முளைக்கும் குழந்தைக்கும் அங்கேயும் கஞ்சிதான் காய்ச்சுகிறார்கள். நாம் முகம் சுளித்துக் கடந்துபோகும் கடையின் வாசலில் நம் பாட்டியின் சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தேநீருக்கு வாருங்கள். 'சா சான் தெங்' எனப்படும் தேநீர் உணவகங்கள் அந்நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஆங்கிலேய ஆட்சியில் மேல்நாட்டு உணவகங்களின் விலை சாமானியருக்கு எட்டாதிருந்தது. அந்த உணவு வகைகளைத் தங்கள் நாவுக்கும் சட்டைப்பைக்கும் ஏற்றவாறு மாற்றி எளியோர் உருவாக்கிக்கொண்ட இடம் இது. கடுஞ்சாயத்தை நீண்ட துணிப் பையில் மீண்டும் மீண்டும் வடித்து, சுண்டிய டின் பால் சேர்த்துத் தருவார்கள். தேயிலைக் கறை படிந்த அந்தப் பை காலுறைபோல் தோன்றுவதால் 'பட்டுக் காலுறைத் தேநீர்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். 2017-ல் ஹாங்காங் அரசு தன் மரபுச் செல்வங்களில் முதன்மையான 20-ஐத் தெரிந்தெடுத்தபோது, இந்தத் தேநீர் தயாரிக்கும் கைத்திறனும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

அந்தக் கோப்பையில் ஊறுவது பெரும்பாலும் இலங்கைத் தேயிலை. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் மலையகத் தமிழர் முதன்மையானோர் என்பது நாமறிந்ததே. ஆகவே அந்த மேசையில் நாம் முற்றிலும் அந்நியர் அல்லர். நம்மவரின் விரல்கள் நமக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அந்நியரோடு ஒரே மேசை

உணவைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, அவர்கள் உண்ணும் விதம். சில ஆண்டுகளுக்கு முன் இறையியலாளர் கூடுகை ஒன்றுக்காக அந்நகரில் பத்து நாள் தங்கியிருந்தேன். கூட்டம் மிகுந்த வேளையில் உணவகத்துக்குப் போனால், ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே நம்மையும் உட்கார வைத்துவிடுவார்கள். அதைக் குறையாக எண்ணுவார் எவருமில்லை. ஒருநாள் என் எதிரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த முதியவர் என் தேநீர்க் குடுவை காலியாகிவிட்டதைக் கண்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் கைநீட்டி, குடுவையின் மூடியைச் சற்றே நகர்த்தி, வாய் திறந்தபடி வைத்தார். உடனே பணியாள் வந்து வெந்நீர் ஊற்றினார். மூடி அவ்வாறு இருந்தால் நீர் வேண்டும் என்பது அங்கே பொருள். முதியவர் மீண்டும் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். என் பெயரும் அவருக்குத் தெரியாது, என் நாடும் தெரியாது. நான் தாகமாயிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

இவ்வழக்கத்துக்குப் பின்னால் இடநெருக்கடியின் நீண்ட வரலாறு உண்டு. 1953-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் என்னும் குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களுக்காக எழுப்பப்பட்ட மாடிக் குடியிருப்புகளிலிருந்தே அந்நகரின் அரசு வீட்டுவசதித் திட்டம் வளர்ந்தது. இன்றும் மக்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அத்தகைய குடியிருப்புகளில் வாழ்கின்றனர். வீடு மிகச் சிறியது. உறவினர் கூடி உட்கார இடமில்லை. எனவே குடும்பத்தின் பந்தி வெளியே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரர் எல்லாரும் உணவகத்தின் வட்ட மேசையைச் சூழ்ந்து உட்கார்ந்து, ஆவியில் வெந்த சிறு பண்டங்களை மூங்கில் கூடைகளிலிருந்து எடுத்துப் பகிர்ந்து உண்கின்றனர். இத்தனையும் உண்டுவிட்டு அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'யாம் சா'. தேநீர் அருந்துதல் என்று மட்டுமே அதன் பொருள். ஒருவர் மற்றவருக்குத் தேநீர் ஊற்றும்போது, பெறுகிறவர் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுகிறார். பேச்சை இடைமறிக்காமல் சொல்லப்படும் நன்றி அது. முடிவில், பணம் செலுத்துவது நான்தான் என்று உறவினர் ஒருவரோடொருவர் போராடுவதையும் காணலாம். அந்தப் போராட்டம் நமக்குப் புதிதன்று.

நன்றி சொல்வதற்குக் கண்டோனிய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒருவர் நமக்காக ஒரு வேலை செய்தால், வழிவிட்டால், நீர் ஊற்றினால் 'ம்கோய்' என்பர். ஒருவர் நமக்கு ஒரு கொடை தந்தால் 'தோ சே' என்பர். உழைப்புக்கு ஒரு நன்றி, கொடைக்கு வேறொரு நன்றி. சம்பளத்துக்கும் கிருபைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பிரசங்க பீடத்தில் நின்று மணிக்கணக்காக விளக்கியிருக்கிறேன். அங்கே காய்கறி விற்கும் பெண்மணி அதை நாள்தோறும் நாவில் வைத்திருக்கிறார்.

திருவிழாவும் மனச்சாட்சியும்

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். "ஐயா, உணவு சரி, அவர்களுடைய திருவிழாக்களைப் பார்க்கலாமா? படைக்கப்பட்டதாயிருந்தால் என்ன செய்வது?" என்று நம்மில் சிலர் உண்மையான மனச்சாட்சியோடு கேட்கின்றனர். அக்கேள்வியை நான் மதிக்கிறேன்.

சியுங் சாவ் என்ற சிறு தீவில், சீன நாட்காட்டியின் நான்காம் மாதத்தில் அப்பத் திருவிழா நடைபெறுகிறது. முற்காலத்தில் கொள்ளைநோய் ஒன்றிலிருந்து விடுபட்டதன் நினைவாக இது தொடங்கியது என்று தீவின் மக்கள் சொல்லுகின்றனர். விழா நாள்களில் தீவிலுள்ளோர் இறைச்சியைத் தவிர்ப்பர். சிறுவர் சிறுமியர் மறைவான கம்பிகளின் துணையால் ஆகாயத்தில் மிதப்பவர்போல் ஊர்வலம் வருவர். அப்பங்களால் மூடப்பட்ட உயர்ந்த கோபுரங்களில் இளைஞர் ஏறி அப்பங்களைப் பறிப்பர். 1978-ல் ஒரு கோபுரம் சரிந்து பலர் காயமுற்றதால் அந்த ஏற்றம் நிறுத்தப்பட்டது. 2005-ல்தான், பாதுகாப்புக் கயிறோடும் பயிற்சியோடும், மீண்டும் தொடங்கியது. காஸ்வே பே அருகிலுள்ள தாய் ஹாங்கில் 1880-ஆம் ஆண்டு முதல் வேறொரு விழா நடக்கிறது. வைக்கோலால் முறுக்கிய 67 மீட்டர் நீளமான நாகத்தின் உடலெங்கும் எரியும் ஊதுவத்திகளைச் செருகி, இலையுதிர்காலப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று இரவுகள் தெருக்களில் ஆடி வருகின்றனர். அதுவும் கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்ததே.

இரண்டு விழாக்களின் அடியிலும் இருப்பது ஒரே அச்சம்: பிள்ளைகள் நோயால் மடிந்துபோவார்களோ என்பது. அது வீண் அச்சமன்று. 1894-ல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக்கின்போதுதான் அந்நோயின் கிருமியே அங்கு கண்டறியப்பட்டது. 2003-ல் சார்ஸ் நோய் அந்நகரில் 299 உயிர்களைக் கொண்டுபோனது. இந்த வரலாற்றை அறிந்தபின் அவ்விழாவைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. அஞ்ஞானம் என்ற ஒரு சொல்லால் அதைக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

சியுங் சாவ் அப்பத்தின்மேல் சிவப்பு மையில் இரண்டு எழுத்துகள் பதித்திருப்பர்: 'பிங் ஓன்'. சமாதானம், சுகம் என்று பொருள். சீனக் கிறிஸ்தவர்கள் ஆலய வாசலில் ஒருவரையொருவர் வாழ்த்துவதும் இதே சொல்லால்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை அவர்கள் 'பிங் ஓன் இரவு' என்றே அழைக்கின்றனர். தீவார் அப்பத்தில் எழுதி ஏங்குவதும் நாம் ஆராதனையின் முடிவில் ஒருவருக்கொருவர் கூறுவதும் வெவ்வேறு சொற்கள் அல்ல.

அப்படியானால் எல்லாவற்றிலும் பங்கேற்கலாமா என்றால், இல்லை. ஊதுவத்தியைக் கையில் ஏந்தி வணங்க நம் விசுவாசம் இடங்கொடாது. அதைப் பணிவோடு மறுத்தால் அங்கே எவரும் கோபிப்பதில்லை. உணவைப் பொறுத்தவரை, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய ஆலோசனையே எனக்குப் போதுமானது. விருந்தளிப்பவர் பரிமாறுவதைத் துருவித் துருவி விசாரியாமல் உண்ணலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவரை முன்னிட்டு விலகலாம். கடையில் விற்கும் அப்பத்தை வாங்கித் தின்பது ஒன்று, பலிபீடத்திலிருந்து பெறுவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் பக்குவம் நமக்கு வேண்டும். பார்ப்பதும் கேட்பதும் வணக்கம் ஆகிவிடாது. அத்தேனே பட்டணத்தின் பீடங்களைப் பவுல் சுற்றிப் பார்த்த பின்னரே அந்நகரத்தாரிடம் பேசத் தொடங்கினார்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். காஸ்வே பே பகுதியில் ஒரு மேம்பாலத்தின் அடியில் முதிய பெண்கள் சிறு முக்காலிகளில் உட்கார்ந்திருப்பர். பணம் கொடுத்து, நமக்குத் தீங்கிழைத்தவரின் பெயரைச் சொன்னால், தாளில் வெட்டிய உருவத்தைப் பழைய செருப்பால் அடித்து, பாட்டாகச் சபித்து, இறுதியில் எரித்துவிடுவர். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் வரிசை நீண்டு நிற்கும். பார்த்துச் சிரிக்கும் சுற்றுலாப் பயணிகள் உண்டு. நம்மால் சிரிக்க முடியுமா? அலுவலகத்தில் வஞ்சித்தவரையும் சொத்தைப் பறித்த சகோதரனையும் உள்ளத்தின் மறைவில் நாம் எத்தனை முறை அடித்திருக்கிறோம்! பகைவனுக்காக ஜெபிக்கும் கட்டளையைப் பெற்றவர்கள் நாம். அந்தச் சடங்கில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அந்த முக்காலியின்முன் நிற்கிறவரின் காயம் எனக்குத் தெரிந்த காயமே.

மலைகள்

ஹாங்காங் என்றால் கோபுர வீடுகளின் காடு என்று எண்ணுகிறோம். 75 லட்சம் பேர் வாழும் அந்நிலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 40 விழுக்காடு மலையும் காடும் கடற்கரையுமாகச் சட்டத்தால் காக்கப்படுகிறது என்பதைப் பலர் அறியார். 1963-ஆம் ஆண்டு வறட்சியில் நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் மட்டுமே அங்கே குழாயில் நீர் வந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்கவேண்டிய கட்டாயத்தை உணர்ந்த நகரம் அது. 1976-ல் இயற்கைப் பூங்காக்களுக்கான சட்டம் பிறந்தது. மலையேற்றத்தை விரும்பிய ஆளுநர் மக்லிஹோஸின் பெயரால் 100 கிலோமீட்டர் நீளமான நடைபாதை 1979-ல் திறக்கப்பட்டது. பேருந்திலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் மரநிழலுக்குள் நுழைந்துவிடலாம்; கட்டணம் ஏதுமில்லை.

விடியலில் அப்பாதைகளில் முதியோர் கூட்டம் கூட்டமாக நடக்கின்றனர். மின்தூக்கியில் அருகருகே நின்றும் ஒருவரையொருவர் பாராத அதே மக்கள், மலைப்பாதையில் எதிரே வருகிற எவருக்கும் 'ஜோ சான்' என்று காலை வணக்கம் சொல்லுகின்றனர். 2017-ன் இறுதிக்குள் அப்பாதைகளிலிருந்த குப்பைத்தொட்டிகளை அரசு அகற்றிவிட்டது. கொண்டுவந்தவர் தம் குப்பையைத் தாமே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நியதி. சிருஷ்டியைப் பேணுவதுபற்றி நாம் பாடல் பாடுகிறோம்; நம் கன்வென்ஷன் திடலின் மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

ஷா தின் பகுதியின் மேலே குன்றொன்றில், குழந்தையை முதுகில் கட்டிய பெண்ணைப்போல் ஒரு பாறை நிற்கிறது. கடலுக்குப் போன கணவனுக்காக நாள்தோறும் மலையேறிக் காத்திருந்தவள் கல்லானாள் என்பது கதை. வளைகுடாவிலோ கப்பலிலோ உழைக்கும் கணவரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் நம் சபையிலும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கதையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அதே ஷா தினில் மற்றொரு குன்றின்மேல் தாவ் ஃபோங் ஷான் என்னும் கிறிஸ்தவ நிலையம் இருக்கிறது. நார்வே நாட்டு மிஷனெரி கார்ல் லுட்விக் ரைக்கெல்ட் 1930-களில் அதை அமைத்தார். டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் பிரிப்-மெல்லர் சீனப் பௌத்த மடத்தின் சாயலில் அதை வடிவமைத்தார். தாமரையின்மேல் எழும் சிலுவை அதன் சின்னம். நெருப்பு நாகம் ஆடும் தாய் ஹாங்குக்கு அருகில், 1937-ல் கட்டப்பட்ட புனித மரியாள் ஆலயமும் சீனக் கூரையோடும் சிவந்த முகப்போடும் நிற்கிறது. ரைக்கெல்ட்டின் முறைகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவர் காலத்திலேயே அவரோடு முரண்பட்டவர்கள் இருந்தனர். ஆயினும் அம்மக்களின் வீட்டு வடிவில் ஆண்டவரின் வீட்டைக் கட்டுவதற்குமுன், அவர்களுடைய வீட்டில் உட்கார்ந்து கற்றவர் அவர் என்பதை மறுக்க இயலாது.

சில ஆலோசனைகள்

இவை யாவும் செலவு மிகுந்தவை அல்ல; பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில் உள்ளவற்றைவிட மலிவானவை. ஒரு நாளை மட்டும் நிரலிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி. இறைச்சி உண்ணாதவர்கள், பன்றியிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் வெட்கப்படாமல் முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம். காய்கறி என்று தோன்றும் உணவிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கக்கூடும். பிறகு ஏதேனும் ஒரு மலைப்பாதை. மாலையில் ஒரு சா சான் தெங்கில் பால் தேநீரும் அன்னாசி அப்பமும். அதில் அன்னாசி இராது. மேலோட்டின் வெடிப்பு அன்னாசித் தோலை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. 'ம்கோய்', 'தோ சே' என்ற இரண்டு சொற்களையாவது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக் கூட்டிச்செல்லுங்கள். பரிமாறியதில் ஏதேனும் பிடிக்காவிட்டால் அமைதியாக ஒதுக்கிவையுங்கள். பிள்ளைகளின்முன் அருவருப்பைக் காட்டாதீர்கள். ஒரு மக்களினத்தின் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கற்ற குழந்தை, அம்மக்களைப் பார்த்தும் முகம் சுளிக்கவே கற்றுக்கொள்ளும்.

நம் ஆண்டவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது. தம்முடைய சீஷரை ஊர்களுக்கு அனுப்பியபோதும், பையில் உணவு சுமந்து போகாமல், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி அவர்கள் தருவதை உண்ணும்படி பணித்தார். சாப்பாட்டைச் சுமந்து போகிறவருக்கு எவருடைய வாசலையும் தட்டவேண்டிய தேவை ஏற்படுவதில்லை. ஒருவேளை அதனால்தான் அப்படிப் பணித்தாரோ என்று நான் எண்ணுவதுண்டு.

இந்த விடுமுறையில் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்தின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. நீங்கள் உட்காரும் மேசைகளில் உங்களுக்கு நீர் ஊற்றுகிறவர்களையும் அவர் ஆசீர்வதிப்பாராக. திரும்பி வந்ததும், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று உங்களிடம் கேட்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்